டெர்மினலில் ஓடுகிறது, புரோகிராமில் ஓட மறுக்கிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடியோ ஸ்டுடியோவுக்குப் பைத்தான் எழுதித் தருகிறேன். கல்யாண வீடியோவைச் சுருக்குவது, ஆல்பம் படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது, ராத்திரியில் கணக்கு டேட்டாபேஸை பேக்கப் எடுப்பது, இவ்வளவுதான் வேலை. இதில் எதையும் பைத்தான் தன் கையால் செய்வதில்லை. எஃப்எஃப்எம்பெக், இமேஜ்மேஜிக், மைஎஸ்க்யூஎல்டம்ப் என்று கணினியில் ஏற்கெனவே இருக்கும் கட்டளைகளைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறது. முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் காலையில் 30, 40 கோப்புகள் ஒன்றாக வந்து விழும். அன்று புரோகிராம் நின்றுவிட்டால் ஸ்டுடியோ அண்ணனிடமிருந்து போன் வரும். அப்படி வந்த போன்களில் தெரிந்துகொண்டதை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

உதாரணங்கள் உபுண்டுவிலும் பைத்தான் 3.7-க்கு மேற்பட்ட பதிப்பிலும் ஓடுபவை. கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மனதில் நின்றால் கீழே வரும் பிழைகளில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். டெர்மினலில் நாம் அடிக்கும் வரியை எஃப்எஃப்எம்பெக் நேராகப் பார்ப்பதில்லை. நடுவில் ஷெல் உட்கார்ந்திருக்கிறது. வரியை இடைவெளி பார்த்துச் சொல் சொல்லாக வெட்டுவது ஷெல். நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பதும் ஷெல். & வந்தால் பின்னணிக்குத் தள்ளுவது, | வந்தால் குழாய் போடுவது, > வந்தால் கோப்பில் கொட்டுவது எல்லாம் அதுதான். புரோகிராமிலிருந்து கூப்பிடும்போது அந்த ஷெல் நடுவில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் நீங்கள் பழகிய ஷெல்லாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் எந்தப் பிழை வந்தாலும் நான் முதலில் கேட்பது: இந்த வரிக்கும் கட்டளைக்கும் நடுவில் ஷெல் இருக்கிறதா?

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

மூன்றை அச்சிடுங்கள். கட்டளையையும் அதன் ஆப்ஷன்களையும் சொல் சொல்லாக வைத்து நீங்கள் அனுப்பும் லிஸ்ட்டை ரெப்ர் போட்டு அப்படியே; திரும்பி வந்த ரிட்டர்ன்கோடு (0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி); எஸ்டிடிஎரரில், அதாவது கட்டளை தன் பிழைச் செய்திகளை எழுதும் வழியில், வந்த எழுத்து. பைத்தானில் வெளிக் கட்டளையை ஓட்டும் சப்பிராசஸ்.ரன்-ஐக் கூப்பிடும்போது கேப்ச்சர்_அவுட்புட்=ட்ரூ, டெக்ஸ்ட்=ட்ரூ இரண்டையும் கொடுத்தால் மூன்றுமே கையில் கிடைக்கும். நாம் அனுப்பியதாக நினைப்பது ஒன்று, உண்மையில் போனது வேறொன்று என்பது பல தடவை இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

செக்=ட்ரூ போட்டிருப்பவர்கள் கவனிக்க: கட்டளை தோற்றால் எக்ஸெப்ஷன் வரும், ஆனால் அதன் செய்தியில் எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1 என்று மட்டும் இருக்கும். ஏன் தோற்றது என்பது அந்த எக்ஸெப்ஷனின் எஸ்டிடிஎரருக்குள் இருக்கிறது. அதை நீங்கள்தான் எடுத்து அச்சிட வேண்டும்.

அறிகுறி: "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"

இந்த வாக்கியத்தை யார் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பைத்தானே எர்ரர் நம்பர் 2 என்று எக்ஸெப்ஷன் எறிந்தால் கட்டளை தொடங்கவே இல்லை. எக்ஸெப்ஷன் இல்லாமல் எஸ்டிடிஎரரில் இந்த வாக்கியம் வந்தால் கட்டளை தொடங்கிவிட்டது, அது தேடிய கோப்புதான் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

தொடங்கவே இல்லை என்றால், முழு வரியையும் ஒரே ஸ்ட்ரிங்காகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஷெல் இல்லாதபோது லினக்ஸ் அந்த முழு ஸ்ட்ரிங்கையும் ஒரு புரோகிராமின் பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும். "எஃப்எஃப்எம்பெக் -ஐ அ.எம்பி4" என்ற நீளப் பெயரில் எந்தப் புரோகிராமும் இல்லையே. விண்டோஸில் இதே வரி ஓடிவிடும், ஏனென்றால் அங்கே இயங்குதளமே வரியை முழுசாக வாங்கிக்கொள்கிறது. விண்டோஸில் எழுதி உபுண்டுவில் ஏற்றுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். சொல்லுக்கு ஒன்றாகப் பிரித்து லிஸ்ட்டாகக் கொடுங்கள்.

லிஸ்ட்டாகவே கொடுத்தும் இதே பிழை வந்தால் சிடபிள்யூடி-க்கு (கட்டளை எந்த ஃபோல்டரில் ஓட வேண்டும் என்பதற்கு) கொடுத்த ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டாலும் எர்ரர் 2 வரும். கூப்பிடுவது உங்கள் சொந்த ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் இன்னொரு காரணம் உண்டு. ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கும், எக்ஸிக்யூட் அனுமதியும் இருக்கும், ஆனாலும் இல்லை என்று சொல்லும். அதை விண்டோஸ் நோட்பேடில் எழுதிச் சேமித்திருப்பீர்கள். முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரியேஜ் ரிட்டர்ன் ஒட்டியிருக்கும். கெர்னல் பாஷைத் தேடாமல், கடைசியில் அந்த எழுத்து ஒட்டிய வேறொரு பெயரைத் தேடும். ஃபைல் என்ற கட்டளையைக் கொண்டு ஸ்கிரிப்ட்டைப் பார்த்தால் சிஆர்எல்எஃப் என்று காட்டிக்கொடுத்துவிடும். டாஸ்2யூனிக்ஸ் ஒரு தடவை ஓட்டினால் சரி.

கட்டளை தொடங்கிவிட்டது, கோப்பைத்தான் காணோம் என்றால் பெரும்பாலும் ஷெல் செய்ய வேண்டிய வேலையை யாரும் செய்யவில்லை. நட்சத்திரக் குறி போட்டு அனுப்பினால் அந்தக் குறியே பெயரில் உள்ள கோப்பைக் கட்டளை தேடும். பைத்தானின் குளோப் கொண்டு நீங்களே விரித்துக் கொடுங்கள். பெயரில் இடைவெளி இருக்கிறதே என்று லிஸ்ட்டுக்குள் இருக்கும் பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போடாதீர்கள். மேற்கோளைக் கழற்றுவதும் ஷெல்லின் வேலைதான். அது இல்லாதபோது குறியும் பெயரோடு சேர்ந்துவிடும். லிஸ்ட்டில் இடைவெளிக்கு எந்தக் காப்பும் தேவையில்லை. அதே மாதிரி -ஐ என்பதையும் கோப்புப் பெயரையும் ஒரே உறுப்பாக ஒட்டி வைத்தால் எஃப்எஃப்எம்பெக் அதைத் தெரியாத ஆப்ஷன் என்று தள்ளிவிடும். தனித்தனி உறுப்பாக வையுங்கள்.

அறிகுறி: 127 வருகிறது, ஆனால் கட்டளை இருக்கிறது

எக்ஸிட் கோடு 127 என்றால் ஷெல் அந்தப் பெயரில் கட்டளையைக் கண்டுபிடிக்கவில்லை. 126 என்றால் கண்டுபிடித்தது, ஆனால் ஓட்ட முடியவில்லை. இரண்டும் வழக்கமாக ஷெல் சொல்லும் எண்கள். ஆகவே நடுவில் ஷெல் இருக்கிறது என்பது பெரும்பாலும் உறுதி.

கல்யாண வேலையில் இது எப்படி வந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எங்கள் பக்கம் வீடியோக் கோப்புக்குப் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் நடுவில் ஒரு & போட்டுத்தான் வைப்பார்கள். அழைப்பிதழிலும் அப்படி, ஆல்பம் அட்டையிலும் அப்படி. ஆரம்பத்தில் நான் ஓஎஸ்.சிஸ்டம் கொண்டு வரியை ஒட்டி எழுதியிருந்தேன். ஷெல்லுக்குப் போன வரி இது:

எஃப்எஃப்எம்பெக் -ஐ பொண்ணு & மாப்பிள்ளை.எம்பி4 சிறியது.எம்பி4

ஷெல் & இருக்கும் இடத்தில் வரியை இரண்டாக வெட்டுகிறது. "எஃப்எஃப்எம்பெக் -ஐ பொண்ணு" பின்னணிக்குப் போகிறது. பொண்ணு என்ற கோப்பு இல்லாததால் அங்கேயே செத்துவிடுகிறது. அடுத்து "மாப்பிள்ளை.எம்பி4" என்பதை ஒரு கட்டளையாக நினைத்துத் தேடுகிறது. அப்படி ஒரு கட்டளை இல்லை. ஷெல் சொல்வது 127. நான் எஃப்எஃப்எம்பெக்தான் கிடைக்கவில்லை என்று நினைத்து அதை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்து ஒரு மதியம் முழுக்கத் தேடினேன். கிடைக்காதது எஃப்எஃப்எம்பெக் இல்லை, மாப்பிள்ளை. லிஸ்ட்டை அச்சிட்டுப் பாருங்கள் என்று முதலிலேயே சொன்னது இந்த மதியத்தால்தான்.

பெயரைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட்டால் போதும் என்று சொல்வார்கள். & அடங்கும், உண்மைதான். ஆனால் இரட்டை மேற்கோளுக்குள்ளும் டாலர் குறிக்கும் பேக்டிக் குறிக்கும் ஷெல் அர்த்தம் கொடுக்கும். பெயருக்குள்ளேயே ஒரு இரட்டை மேற்கோள் இருந்தால் கட்டு அவிழ்ந்துவிடும். இது வேலை கெடுவதோடு நிற்காது. அரைப்புள்ளியும் அதற்குப் பின்னால் ஒரு அழிப்புக் கட்டளையும் உள்ள பெயரை யாராவது வேண்டுமென்றே அனுப்பினால், உங்கள் கணினி அதை விசுவாசமாக ஓட்டும். வெளியாட்கள் கோப்பு ஏற்றும் இணையப் பக்கம் எதுவும் உங்களிடம் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தீர்வு ஒன்றுதான்: ஷெல்லை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். சப்பிராசஸ்.ரன், லிஸ்ட், ஷெல்=ட்ரூ (ஷெல் வழியாக ஓட்டு என்பது) இல்லை. அப்போது & என்பது பெயரில் உள்ள ஓர் எழுத்து, அவ்வளவுதான். சப்பிராசஸ் 2004-இல் பைத்தான் 2.4-உடன் வந்தது, ஓஎஸ்.சிஸ்டம் போன்ற பழைய வழிகளுக்கு மாற்றாகத்தான் அதைச் சேர்த்தார்கள். ஷெல் இருந்தே தீர வேண்டிய இடத்தில் ஷ்லெக்ஸ்.கோட் கொண்டு ஒவ்வொரு பெயரையும் கட்டி அனுப்புங்கள். அது லினக்ஸ் வகை ஷெல்லுக்கு மட்டும். விண்டோஸ் சிஎம்டி-க்குச் செல்லாது.

லிஸ்ட்டுக்கு மாறிய பிறகும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பெயர் - குறியில் தொடங்கினால் கட்டளை அதை ஆப்ஷன் என்று நினைத்துக்கொள்ளும். கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் பெயர் / குறியில் தொடங்கும், அந்தச் சிக்கல் வராது.

லிஸ்ட்டும் கொடுத்து ஷெல்=ட்ரூவும் போடுபவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸில் லிஸ்ட்டின் முதல் உறுப்பு மட்டும் கட்டளையாக ஓடும், மற்றவை ஷெல்லுக்கே போய்ச் சேரும். எல்எஸ் -எல் கொடுத்தால் வெறும் எல்எஸ் ஓடியது போல் இருக்கும். பிழை எதுவும் காட்டாது. இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானுக்கு உங்கள் பாஷ்ஆர்சி, அதாவது டெர்மினல் திறக்கும்போது ஷெல் படிக்கும் அமைப்புக் கோப்பு, தெரியாது. உபுண்டு, டெபியனில் அதற்குக் கிடைக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டே. நீங்கள் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-இல் வைத்ததும் ஸ்னாப் மூலம் இன்ஸ்டால் செய்ததும் அதன் கண்ணில் படாது. விர்ச்சுவல்என்வும் அப்படியே. தற்போதைய ஃபோல்டராக உங்கள் ஹோம் இருக்கும். ஆகவே புரோகிராமில் வெறும் கோப்புப் பெயர் கொடுத்திருந்தால் தேடும் இடமே வேறாகிவிடும்.

ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். கிரானில் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை, சூழல் மாறிகளைக் காட்டும் என்வ் கட்டளையை ஓட்டி ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் டெர்மினலிலும் என்வ் ஓட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 60 வரி எதிரே 6 வரி இருக்கும். அதைப் பார்த்த பிறகு எதற்கும் முழுப் பாதை கொடுக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். பைத்தானுக்கும் முழுப் பாதை, எஃப்எஃப்எம்பெக்குக்கும் முழுப் பாதை. டெர்மினலில் விச் கட்டளை சொல்லும் பாதை போதும். வரியின் கடைசியில் எஸ்டிடிஅவுட், எஸ்டிடிஎரர் இரண்டையும் ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கிரான் தோற்றது உங்களுக்குத் தெரியவே வராது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. கிரான்டேப் வரியில் % குறி வந்தால் கிரான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும். பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்க டேட் கட்டளையை அந்த வரியிலேயே எழுதினால் பாதியில் அறுந்துவிடும். தேதியைப் பைத்தானுக்குள் சேர்த்துவிடுங்கள்.

பிஎச்பி-யிலிருந்து ஷெல்_எக்ஸெக் கூப்பிடுபவர்களுக்கும் இதே பகுதிதான் மருந்து. அங்கே கட்டளையை ஓட்டுவது நீங்கள் இல்லை, உபுண்டுவில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனர். அவருக்கு உங்கள் ஃபோல்டரைப் படிக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: சின்னக் கோப்பு முடிகிறது, பெரிய கோப்பு நடுவழியில் நிற்கிறது

இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் சோதனையில் இது தலைகாட்டாது. 30 நொடி துண்டு வீடியோவைக் கொடுத்துச் சோதித்தேன், ஓடியது. அண்ணன் 2 மணி நேர வீடியோவைக் கொடுத்தார். 5 நிமிடம் ஓடியது, அப்புறம் அசையவில்லை. ஓடும் புராசஸ்களைக் காட்டும் டாப்-இல் பார்த்தால் எஃப்எஃப்எம்பெக் உயிரோடு இருக்கிறது, சிபியு 0. வேறு வீடியோ, அதே 5 நிமிடம். ஹார்டு டிஸ்க் பழுது என்றுகூடச் சந்தேகப்பட்டோம்.

நடந்தது இது. கட்டளையைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பும் சப்பிராசஸ்.பீஓப்பன் கொண்டு நான் எஸ்டிடிஅவுட், எஸ்டிடிஎரர் இரண்டையும் பைப் என்று கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் வெயிட் என்று காத்திருந்தேன். பைப் என்பது அடி இல்லாத குழாய் இல்லை. லினக்ஸில் அதன் கொள்ளளவு வழக்கமாக 65,536 பைட். எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்றத்தை, எத்தனை ஃப்ரேம், என்ன வேகம் என்பதை எல்லாம், அரை நொடிக்கு ஒரு தடவை எஸ்டிடிஎரரில் எழுதும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 பைட். நொடிக்கு 200 பைட் என்று கணக்குப் போட்டால் குழாய் நிரம்ப 5 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நிரம்பியதும் அடுத்த எழுத்தை எழுத முடியாமல் எஃப்எஃப்எம்பெக் காத்திருக்கிறது, யாராவது படித்து இடம் கொடுக்கட்டும் என்று. என் பைத்தான் எஃப்எஃப்எம்பெக் முடியட்டும் என்று காத்திருக்கிறது. ஒருவருக்கொருவர் வழிவிடக் காத்திருந்து இரண்டுமே நகரவில்லை. எஸ்ட்ரேஸ் -பி போட்டு அந்தப் புராசஸைப் பார்த்தால் ரைட் என்ற ஒரே அழைப்பில் நிற்பது தெரியும்.

பீஓப்பனும் பைப்பும் சேர்ந்த இடத்தில் வெயிட்டை எடுத்துவிட்டு கம்யூனிகேட் போடுங்கள். அது இரண்டு குழாயையும் சேர்த்தே படித்துக்கொண்டிருக்கும். சப்பிராசஸ்.ரன் உள்ளுக்குள் அதையேதான் செய்கிறது. முதலில் எஸ்டிடிஅவுட்டை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் எஸ்டிடிஎரரைப் படிக்கலாம் என்று எழுதினால் பழைய கதைதான். எஸ்டிடிஎரரை நேராக ஒரு கோப்புக்கு அனுப்புவதுதான் எனக்குப் பிடித்த வழி. கோப்பு நிரம்பி நிற்காது, மறுநாள் படித்துப் பார்க்கவும் வசதி. முன்னேற்ற வரிகள் தேவையே இல்லை என்றால் -நோஸ்டாட்ஸ் சேர்த்துவிடுங்கள்.

5 நிமிடம்கூட ஓடாமல் தொடக்கத்திலேயே நிற்கிறது என்றால் காரணம் வேறு. அது உங்களிடம் ஏதோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மேலெழுதலாமா என்று எஃப்எஃப்எம்பெக் கேட்கும். சூடோ பாஸ்வேர்டு கேட்கும். எஸ்எஸ்எச் புது சர்வரை நம்பலாமா என்று கேட்கும். எஃப்எஃப்எம்பெக்கின் கேள்வி உங்கள் பைப்புக்குள் போய்விடுவதால் கண்ணில் படாது. எஃப்எஃப்எம்பெக்குக்கு மேலெழுது என்றால் -ஒய், வேண்டாம் என்றால் -என், சூடோவுக்கு -என். பதிலை எஸ்டிடிஇன் வழியாக வாங்கும் எஃப்எஃப்எம்பெக் போன்றவற்றுக்குப் பொதுவாக எஸ்டிடிஇன்=டெவ்நல் கொடுங்கள். அப்போது நிற்காமல் உடனே பிழையோடு வெளியே வரும், அதுவே பாதி வெற்றி.

நிற்கவில்லை, ஆனால் முடியும் வரை ஒரு வரிகூட வராமல் கடைசியில் மொத்தமாக வந்து கொட்டுகிறது என்றால் அது பிழை இல்லை. டெர்மினலைப் பார்த்து எழுதும்போது வரிக்கு வரி அனுப்பும் புரோகிராம்கள், பைப்பைப் பார்த்ததும் சேர்த்துவைத்து அனுப்பும். கூப்பிடப்படுவது பைத்தான் என்றால் -யூ. மற்றவற்றில் பலவற்றுக்கு எஸ்டிடிபஃப் உதவும்.

அறிகுறி: வெற்றி என்கிறது, வேலை நடக்கவில்லை

எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். கணக்கு டேட்டாபேஸை மைஎஸ்க்யூஎல்டம்ப் எடுத்து, | போட்டு ஜிசிப்பில் சுருக்கி, ஒரு கோப்பில் வைக்கும் வரியை ஷெல்=ட்ரூ கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். ரிட்டர்ன்கோடு 0 என்றால் லாகில் "சரி" என்று எழுதும். ஒருநாள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினோம். அதற்குப் பிறகும் 11 நாள் லாகில் "சரி", "சரி" என்றே வந்தது. வேறு எதற்கோ அந்த ஃபோல்டரைத் திறந்தபோதுதான் பார்த்தேன்: 11 கோப்பும் தலா 20 பைட்.

குழாய் போட்ட வரியின் எக்ஸிட் கோடு கடைசிக் கட்டளையுடையது மட்டுமே. மைஎஸ்க்யூஎல்டம்ப் பாஸ்வேர்டு தவறு என்று எஸ்டிடிஎரரில் சொல்லிவிட்டு எதையும் அனுப்பாமல் வெளியேறியது. ஜிசிப் வந்த சூனியத்தை ஒழுங்காகச் சுருக்கி 0 என்று முடித்தது. வெறுமையைச் சுருக்கினால் ஜிசிப் தருவது 20 பைட். ஜிசிப் -டி கொண்டு சோதித்தாலும் அந்தக் கோப்பு நல்ல கோப்பு என்றே சொல்லும்.

இப்போது நான் செய்வது: முதலில் டம்ப்பைத் தனியாக ஒரு கோப்பில் எடுக்கிறேன். ரிட்டர்ன்கோடு பார்க்கிறேன். கோப்பின் கடைசி வரியைப் படித்து "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று இருக்கிறதா என்று பார்க்கிறேன். மைஎஸ்க்யூஎல்டம்ப் முழுசாக முடித்தால் வழக்கமாக அந்தக் குறிப்பை எழுதிவிட்டுத்தான் போகும். அதன் பிறகே ஜிசிப். குழாய் வேண்டும் என்பவர்கள் எக்ஸிக்யூட்டபிள் என்ற இடத்தில் பாஷின் பாதையைக் கொடுத்து, வரியின் தொடக்கத்தில் செட் -ஓ பைப்ஃபெயில் போடுங்கள்.

ஓஎஸ்.சிஸ்டம் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தனிக் கண்ணி. கட்டளை 1 என்று தோற்றால் லினக்ஸில் அது உங்களுக்கு 256 என்று வரும், 127 என்றால் 32512. கோடு 8 பிட் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த 256-ஐ அப்படியே சிஸ்.எக்ஸிட்டுக்குக் கொடுத்தால், வெளியே போகும்போது கடைசி 8 பிட் மட்டும் எடுக்கப்பட்டு 0 ஆகிவிடும். தோல்வி வெற்றியாகிப் போய்விடும். பைத்தான் 3.9 முதல் ஓஎஸ்.வெயிட்ஸ்டேட்டஸ்_டு_எக்ஸிட்கோடு இருக்கிறது. ஆனாலும் சப்பிராசஸுக்கு மாறிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சட்டென்று தீரும் சில

சிடி போட்டேன், அடுத்த கட்டளை பழைய ஃபோல்டரிலேயே ஓடுகிறது: ஒவ்வொரு அழைப்பும் தனிப் புராசஸ். சிடி அதற்குள்ளேயே நடந்து அதோடு முடிந்துவிடும். எக்ஸ்போர்ட்டும் அப்படித்தான். சிடபிள்யூடி, என்வ் இரண்டையும் ரன் அழைப்பிலேயே கொடுங்கள். என்வ் கொடுக்கும்போது ஓஎஸ்.என்விரானின் நகலில் உங்கள் மாறியைச் சேர்த்துக் கொடுங்கள். வெறும் ஒரு மாறியைக் கொடுத்தால் பாத்தும் சேர்ந்து காணாமல் போகும்.

"சோர்ஸ் நாட் ஃபவுண்ட்", அல்லது அடைப்புக்குறி அருகே சின்டாக்ஸ் எரர்: ஷெல்=ட்ரூ கூப்பிடுவது /பின்/எஸ்எச். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அது பாஷ் இல்லை, டேஷ். டேஷுக்குச் சோர்ஸ் தெரியாது, இரட்டைச் சதுர அடைப்பும் தெரியாது.

எர்ரர் 8: ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் எந்த ஷெல் என்று சொல்லவில்லை. எர்ரர் 13: எக்ஸிக்யூட் அனுமதி இல்லை. எர்ரர் 7: ஆர்கியுமென்ட்டுகளின் மொத்த நீளம் அளவை மீறிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆல்பம் படங்களை ஒரே அழைப்பில் அனுப்பாமல் 200, 200-ஆகப் பிரித்து அனுப்புங்கள்.

ரிட்டர்ன்கோடு -9: வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். ஷெல் வழியாக வந்தால் இதுவே 137. 4 ஜிபி ராம் உள்ள கணினியில் 4கே வீடியோ ஓட்டும்போது வந்தால், கொன்றது பெரும்பாலும் கெர்னலே, நினைவகம் தீர்ந்ததால். டிமெசேஜ் பாருங்கள், பெயர் எழுதியிருக்கும்.

விண்டோஸில் டிர், காப்பி கிடைக்கவில்லை: அவை தனிப் புரோகிராம்கள் இல்லை, சிஎம்டி-க்குள்ளேயே இருப்பவை. பைத்தானின் ஷூட்டில், ஓஎஸ் இரண்டிலும் அந்த வேலைகள் இருக்கின்றன. கட்டளையைக் கூப்பிடவே தேவையில்லை.

அறிகுறி: டைம்அவுட் ஆன பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது

டைம்அவுட்=600 கொடுத்தேன், 10 நிமிடத்தில் எக்ஸெப்ஷனும் வந்தது, ஆனால் டாப்-இல் எஃப்எஃப்எம்பெக் இன்னும் 100 சதவீதத்தில் ஓடுகிறது. ஷெல்=ட்ரூவில் இரண்டு கட்டளைகளைக் கோத்திருந்தால் இப்படி ஆகும். பைத்தான் கொன்றது தன் பிள்ளையை, அதாவது ஷெல்லை. எஃப்எஃப்எம்பெக் ஷெல்லின் பிள்ளை. அதை யாரும் தொடவில்லை. ஷெல்லை எடுத்துவிட்டால் பிரச்சினையே எழாது. எடுக்க முடியாத இடத்தில் ஸ்டார்ட்_நியூ_செஷன்=ட்ரூ கொடுத்துப் பீஓப்பன் செய்து, நேரம் கடந்ததும் ஓஎஸ்.கில்பிஜி கொண்டு மொத்தக் குழுவுக்கும் சிக்னல் அனுப்புங்கள். அரைகுறையாக எழுதப்பட்ட வீடியோக் கோப்பை அழிக்கவும் மறக்காதீர்கள். நான் எப்போதும் வேறு பெயரில் எழுதவிட்டு, ரிட்டர்ன்கோடு 0 வந்த பிறகே சரியான பெயருக்கு மாற்றுகிறேன். கரண்ட் போனாலும் இது காப்பாற்றும்.

அறிகுறி: தமிழ்ப் பெயருள்ள கோப்பில் மட்டும் தகராறு

தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்டுடியோவில் யாரும் அப்படித் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை; காரணம் தெரிந்தால் போதும்.

விண்டோஸில் வெளியீட்டைப் படிக்கும்போது யூனிகோட் டீகோட் எரர் வந்தாலோ குப்பை எழுத்து வந்தாலோ, டெக்ஸ்ட்=ட்ரூ மட்டும் கொடுத்திருப்பீர்கள். அது கணினியின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். கட்டளை யூடிஎஃப்-8-இல் எழுதுகிறது என்று தெரிந்தால் என்கோடிங்=யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எர்ரர் 36, பெயர் மிக நீளம் என்று வந்தால்: லினக்ஸின் இஎக்ஸ்டி4 வட்டில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். எங்கள் ஊர்க் கோண்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 4 எழுத்து. ஆனால் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு 8 குறி, 24 பைட். இந்தக் கணக்கில் 40 எழுத்தைத் தாண்டினாலே பெயர் எல்லையைத் தொட்டுவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் குறியை எண்ணுவதால் அங்கே 255 குறி வரை போகும். மண்டபம், தேதி, இரண்டு வீட்டார் பெயர் எல்லாம் சேர்த்து விண்டோஸில் வைத்த பெயர் உபுண்டுவுக்கு வரும்போது இதனால்தான் இடிக்கிறது. வெளியீட்டுக் கோப்புக்கு நீங்கள் வைக்கும் பெயரை, என்கோட் செய்து பைட் எண்ணிய பிறகு வையுங்கள். பின்னொட்டு சேர்ப்பதற்கும் இடம் விட்டு எண்ணுங்கள்.

கடைசியாக, தேடிக் களைத்துப்போன ஒன்று. கோண்டூர் மண்டப வீடியோ ஒன்று புதுச்சேரியிலிருந்து மேக் வைத்திருக்கும் ஒரு கேமராக்காரரிடமிருந்து வந்தது. எல்எஸ்-இல் பெயர் தெரிகிறது. நான் அதே பெயரைப் புரோகிராமில் டைப் செய்தால் எர்ரர் 2. ரெப்ர் போட்டாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பைத்தானில் அஸ்கி என்ற ஃபங்ஷன் போட்டுப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. நான் அடித்த கோ-வில் ஓகாரக் குறி ஒற்றைக் குறி. அவர் வட்டில் இருந்த கோ-வில் இரட்டைக் கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று, இரண்டு குறி. திரையில் இரண்டும் ஒரே கோ. பைட்டில் ஒன்று 24, இன்னொன்று 27. லினக்ஸ் பெயரைப் பைட்டாக மட்டுமே ஒப்பிடும். அதற்கு இவை இரண்டு வேறு ஊர்கள். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களை இப்படிப் பிரித்தே சேமிக்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது நடக்கும்.

ஒப்பிடும்போது இரண்டு பக்கத்தையும் யூனிகோட்டேட்டா.நார்மலைஸ் கொண்டு என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்த்த வடிவு) கொண்டுவந்து ஒப்பிடுங்கள். ஆனால் கட்டளைக்கு அனுப்பும்போது நார்மலைஸ் செய்த பெயரை அனுப்பாதீர்கள்; ஓஎஸ்.லிஸ்ட்டிர் கொடுத்த பெயரை, ஒரு குறியும் மாற்றாமல், அப்படியே லிஸ்ட்டில் வையுங்கள்.